பழவேற்காடு என்னும் திறந்தவெளிப் பள்ளி

நற்றிணையில் ஒரு நெய்தல் பாட்டு உண்டு. வெண்மணலில் விளையாடிய சிறுமியர் புன்னை விதை ஒன்றை மணலுள் அழுத்தி வைத்துவிட்டு மறந்து போகின்றனர். சில நாளில் அது முளைத்துவிடுகிறது. கண்டு மகிழ்ந்த அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். தாயோ, அந்தப் புன்னை உங்களுக்கு உடன்பிறந்தாள் போன்றது என்று சொல்லி வைக்கிறாள். பின்னாளில் பருவப்பெண்ணாகிய தலைவி, உடன்பிறந்தாள் நிற்குமிடத்தில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். இப்பாட்டைக் காதற் பாட்டு என்றே வகுப்பறைகளில் பாடம் சொல்லி வருகிறோம். ஆயினும் இதனுள் கல்வி பற்றிய ஒரு பேருண்மையும் அடங்கியுள்ளது. இளமையில் எந்த மண்ணில் விளையாடினோமோ அந்த மண்ணே பிற்காலத்தில் நமக்கு உறவாகிறது. விளையாடாத மண்ணோடு எவருக்கும் உறவு பிறப்பதில்லை.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றினைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

ஊரும் பெயரும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் மணற்பரப்பும் ஒட்டகமும் பலருக்கு நினைவில் வரும். அவ்வூரில் அப்படி எதுவும் இல்லை. பாலை என்பது ஒரு மரம். கீறினால் பால் வடியும் அம்மரங்கள் அடர்ந்திருந்த வனம் ஆதலின் பாலைவனம் ஆயிற்று. சோழர் காலத்துச் சிவன் கோயிலைக் கொண்ட அவ்வூரின் பெயரிலேயே தாவரவியலும் வரலாறும் சொல்லியலும் ஒருங்கே அமைந்துள்ளன. ஆயினும் நாள்தோறும் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களுள் எத்தனை பேருக்கு யாரேனும் ஒரு பாலை மரத்தைத் தொட்டுக் காட்டியிருப்பர்?

அங்கிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பழம்பெரும் துறைமுகம். விசயநகரப் பேரரசின் காலத்தில் சிறந்து விளங்கிய இவ்வூரில் போர்த்துக்கீசியர் வாணிகம் செய்தனர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்து 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரை முழுவதிலும் இருந்த ஒல்லாந்தர் வாணிகத்திற்கு 1690 வரை இவ்வூரே தலைமையிடம். இங்கிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட துணியின் புகழ் எத்தகையது எனில், வண்ணக் கைக்குட்டைக்கு இவ்வூரின் பெயரையே ஆங்கில அகராதிகள் சொல்லாக ஏற்றுக்கொண்டன. 1825இல் ஊர் முற்றாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கோட்டை அதற்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை புதர் மண்டிய மேடும் அதைச் சூழ்ந்த அகழியுமே.

பாதி அறிவும் பாதி அறிவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் எம் துறை மாணவர்களோடு அவ்வூருக்குச் சென்றிருந்தோம். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த, பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் தானே வந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். ஏரிக்கரையில் அவனே எங்களுக்கு ஆசிரியன் ஆனான். தொலைவில் வெண்கோடாகத் தெரிந்தவை பூநாரைகள் என்றான். கூழைக்கடா எது, சாம்பல் நாரை எது என்று பறக்கும் விதத்தைக் கொண்டே பிரித்துச் சொன்னான். நீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதைக் கரையோரச் சேற்றைப் பார்த்தே கூறினான். எம் மாணவர்களோ நாரைக்கும் கொக்குக்கும் வேறுபாடு அறியாமல் நின்றனர்.

பின்னர்க் கோட்டை மேட்டருகே வந்தோம். இது என்ன என்று அவனைக் கேட்டோம். “அது பாம்பு மேடு சார், அந்தப் பக்கம் போகாதீங்க” என்றான். அவ்வளவுதான். எம் மாணவன் ஒருவன் உடனே 1613 என்றும், ஒல்லாந்தர் என்றும், கெல்டிரியா என்றும் ஒப்புவித்தான். சிறுவன் வியப்போடு அவன் முகத்தைப் பார்த்தான். மேட்டை அறிந்தவன் ஆண்டை அறியவில்லை. ஆண்டை அறிந்தவன் ஏரியை அறியவில்லை. பாதி அறிவு குப்பத்திலும் மற்றப் பாதி கல்லூரியிலுமாகப் பிரிந்து கிடப்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். இவ்விரு பாதிகளையும் ஒன்றுசேர்ப்பதே இன்று நாம் செய்ய வேண்டிய பணி என்பது எம் கருத்து. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

கண்டறியத் தக்கவை

சிறுவர்க்குப் பூங்கா வேண்டும் என்றவுடன், சிமெண்டால் யானையும் சறுக்குமரமும் செய்து, சுற்றிலும் கம்பி வேலியிட்டுத் திறப்பு விழா நடத்துவதே நம் வழக்கமாகிவிட்டது. அவையும் தேவைதாம், வேண்டாம் என்று கூறவில்லை. ஆனால் சிமெண்டு யானை நாளையும் அதே யானைதான். சிறுவனின் கையும் கருத்தும் அங்கே விரைவில் ஓய்ந்துவிடும். டென்மார்க்கில் 1943ஆம் ஆண்டிலேயே எம்டிரப் என்னும் இடத்தில், பலகையும் பழைய பொருள்களும் கொடுத்துச் சிறுவர்கள் தாமே கட்டி விளையாடும் திடல் ஒன்றை அமைத்தனர். தாமே தேடிக் காண்பதிலும் தாமே செய்து பார்ப்பதிலும்தான் குழந்தையின் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை அது உலகிற்கு உணர்த்தியது. பழவேற்காட்டுப் பகுதியில் அத்தகைய திடலை எவரும் புதிதாக அமைக்க வேண்டியதில்லை. இயற்கையும் வரலாறும் அதனை முன்பே அமைத்து வைத்துள்ளன.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. கண்ட சிறுவன் முதலில் அஞ்சுவான். அடுத்து, ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்பான். வாழ்வின் நிலையாமையை அந்நாட்டவரும் கல்லில் உணர்த்தினர் என்றும், நம் இலக்கியங்களும் நிலையாமையைப் பாடியுள்ளன என்றும் சொல்ல, அதைவிடச் சிறந்த இடம் ஏது? உள்ளே உள்ள கற்பலகைகளில் கப்பலும் கேடயமும் பூங்கொடியும் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்து விளங்காவிடினும் எண் விளங்கும். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்க்கும் சிறுவன், நெடுந்தொலைவிலிருந்து கடல் கடந்து வந்தோர் எத்துணை இளம் வயதில் இம்மண்ணில் மாண்டனர் என்பதைத் தானே கண்டறிவான்.

இவ்வூரில் 1632 முதல் பத்தாண்டுகள் ஒல்லாந்தரின் சமய குருவாக இருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ் என்பாரைத் தமிழ்த்துறையினராகிய நாம் மறத்தலாகாது. உள்ளூரில் பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றை அவர் நூலாக எழுதினார். 1651இல் வெளிவந்த அந்நூலில் பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்கள் டச்சு மொழியில் பெயர்க்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய மொழி ஒன்றில் வடமொழிக் கவிதை முதன்முதலாக அச்சேறியதற்கு இந்தச் சிற்றூர் களமாக இருந்திருக்கிறது.

அடுத்து, பள்ளிவாசல். அரபு நாட்டிலிருந்து மரக்கலங்களில் வந்த வணிகர்களின் வழியினர் என்று தம் மரபைக் கூறும் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக இவ்வூரில் வாழ்கின்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இவ்வூர்க் குடும்பங்களில் வழங்கியது. பள்ளிவாசலில் 1914ஆம் ஆண்டைச் சேர்ந்த சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. நிழலின் போக்கைக் கொண்டு லுஹர், அஸர் தொழுகை நேரங்களைக் கணித்தறியும் கருவி அது. அதைக் கண்ட சிறுவனுக்கு ஒரு கோலும் சில கூழாங்கற்களும் கொடுங்கள். பள்ளி முற்றத்தில் கோலை நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் வேளையே அவ்வூரின் உண்மையான நண்பகல் என்பதை அவனே கண்டுகொள்வான். ஏப்ரல் இறுதியில் ஒரு நாளும் ஆகஸ்டு நடுவில் ஒரு நாளும் நண்பகலில் நிழலே இல்லாமல் போவதைக் கண்டால் அவன் வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டான். ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் மூன்று விண்ணில் ஏறியது. அங்கிருந்து ஏவுகலங்கள் மேலெழுவது பழவேற்காட்டுக் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். சூரியக் கடிகாரத்தையும் விண்கலத்தையும் ஒரே ஊரில் நின்று காணும் பேறு எத்தனை குழந்தைகளுக்குக் கிட்டும்?

ஏரியோ எல்லாவற்றிலும் பெரிய பாடநூல். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இது. தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும். அது உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமியே அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறமே. மீனவர்கள் கடைப்பிடிக்கும் பாடு முறையும் குழந்தைகள் அறிய வேண்டியதே. இறால் மிகுந்த இடங்களை வலியவர் கைப்பற்றிக்கொள்ளாதபடி, உரிமையுடையோர் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பொதுச்சொத்தைப் பகிர்ந்துண்ணும் நெறியை இதைவிடத் தெளிவாக எந்தக் குடிமையியல் பாடம் கற்பிக்கும்? சிறுமியர் தம் பாட்டியரிடம் பனையோலை பின்னக் கற்பதும் இத்தகைய கல்வியே.

எழும் தடைகள்

இவற்றையெல்லாம் சொன்னவுடன் பெரியோர்கள் மூன்று தடைகளை எழுப்புவர். மூன்றும் மதிக்கத் தக்கவையே.

முதலாவது, உயிரச்சம். அது வீண் அச்சமன்று. 2011 டிசம்பர் 25ஆம் நாள் சுற்றுலா வந்தோர் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தை மறந்துவிட்டுக் குழந்தைகளை ஏரிக்கு அழைப்பது பெரும்பிழை. ஆகவே எம் கருத்து வெளிப்படையானது. குழந்தைகளின் பயணத்தில் படகே வேண்டாம். மேற்கூறிய எல்லாவற்றையும் தரையில் நின்றே காணலாம். பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர் உடன் வரட்டும். உள்ளூர் மீனவர் ஒருவர் வழிகாட்டட்டும். முகத்துவாரத்தின் பக்கம் எவரும் செல்லாதிருக்கட்டும். நீரைப் பற்றிய அறிவே நீரிலிருந்து காக்கும். குழந்தையை நீரின் பக்கமே விடாதிருப்பது அந்த அறிவைத் தராது.

இரண்டாவது, தேர்வு. மதிப்பெண்ணைக் கெடுக்கும் வீண்பொழுது இது என்பர். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பட்டறிவே போதும். கோட்டை மேட்டைச் சுற்றி நடந்தவன் ஒல்லாந்தர் வந்த ஆண்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது தடையைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு வயதானவுடன் வெளியிற் செல்வதை நம் குடும்பங்கள் படிப்படியாகக் குறைத்துவிடுகின்றன. குப்பத்திலும் தெருவிலும் இதே நிலைதான். சிறுவன் ஏரிக்கரையில் திரிகிறான். அவன் தமக்கை சாளரத்தின் வழியே ஏரியைப் பார்க்கிறாள். நற்றிணைச் சிறுமியர் மணலில் விதை ஊன்றினர் என்பதை மேடைதோறும் பெருமையாகப் பேசும் நாம், நம் வீட்டுச் சிறுமிக்கு அம்மணலை மறுக்கலாமா? ஆசிரியைகளும் அன்னையரும் உடன் வர, உரிய கண்ணியத்தோடு அவர்களையும் அழைத்துச் செல்ல வழி உண்டு. பெண்களை விடுத்த பயணத்தை ஏற்பாடு செய்வதினும் செய்யாதிருத்தல் நன்று என்றே கூறுவோம். சமுதாயப் பெரியோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

மறைக்கலாகாத பக்கம்

வரலாற்றை இனிப்பாக மட்டும் ஊட்டுவதும் தவறு. இதே துறைமுகத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் துணிப் பொதிகளோடு மனிதர்களும் கப்பலேற்றப்பட்டனர். பஞ்சத்தாலும் போராலும் நலிந்த ஏழை மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஒல்லாந்தருக்கு அழகிய கல்லறைகள் உண்டு. அம்மக்களுக்கு ஒரு கல்லும் இல்லை. வளர்ந்த சிறுவர்களுக்கு இதனையும் அக்கல்லறைத் தோட்டத்திலேயே சொல்ல வேண்டும். யாருடைய பெயர் கல்லில் நிற்கிறது, யாருடைய பெயர் நிற்கவில்லை என்று கேட்கக் கற்ற குழந்தை பின்னாளில் நீதியுள்ள மனிதனாக வளரும் என்பது எம் நம்பிக்கை.

செய்யத் தக்கவை

தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டிய கோட்டை அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு, நாள்தோறும் குழந்தைகள் அங்கே செல்கின்றனர். இலங்கையின் காலி நகரில் ஒல்லாந்தர் கோட்டை மதில்மேல் சிறுவர்கள் பட்டம் விடுகின்றனர். பழவேற்காட்டில் கோட்டையே இல்லை என்று நாம் சோர்ந்திருக்க வேண்டியதில்லை. கட்டடம் போனாலும் கதை போகவில்லை. கதை சொல்ல ஆள் இருந்தால் மேடும் கோட்டையாகும்.

ஆகவே எளிய சில செயல்களை முன்வைக்கிறோம். பொன்னேரி வட்டத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு மூன்று நாள்களைத் திறந்தவெளிக் கல்விக்கு ஒதுக்கட்டும்: பறவைகள் வரும் மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் ஏரிக்கு, ஒரு நாள் கல்லறைத் தோட்டத்துக்கும் கோட்டை மேட்டுக்கும், ஒரு நாள் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றுக்கும். ஒரு சமயத்துக் குழந்தை மற்றொரு சமயத்தாரின் வழிபாட்டிடத்தை மரியாதையோடு காணப் பழகுவது அச்சிறு ஊரில் ஒரே நாளில் கைகூடும். அவ்வாறு வரும் குழந்தைகளை வரவேற்கவும், சூரியக் கடிகாரத்தின் இயக்கத்தை விளக்கவும் ஜமாஅத்தார் ஒருவரை அமர்த்தலாம். மீனவக் கிராமப் பஞ்சாயத்தார் பாடு முறையை விளக்கும் முதியவர் ஒருவரைத் தரலாம். கோட்டை மேட்டின் ஓரத்தில் புதர் நீக்கிய ஒரு நடைபாதையும், தமிழில் ஒரு விளக்கப் பலகையும், பெண் குழந்தைகளுக்கென ஒரு கழிப்பறையும் அமைத்துத் தருமாறு உரியவர்களை நாம் ஒன்றுகூடிக் கேட்கலாம். கழிப்பறை இல்லாத இடத்துக்குச் சிறுமியரை அழைத்துச் செல்வது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியைகள் அறிவர்.

தமிழ்த்துறை மாணவர்களாகிய உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. முதியோரிடம் சென்று பறவைப் பெயர், மீன் பெயர், காற்றின் பெயர், வலையின் பெயர் ஆகியவற்றைக் கேட்டெழுதுங்கள். மடவை, கிழங்கான் என்று தொடங்கினால் அவர்கள் நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருப்பர். அவற்றோடு கோட்டையின் வரலாற்றையும் சேர்த்து, ஐந்தாம் வகுப்புக் குழந்தை படிக்கத்தக்க முப்பது பக்கக் கையேடாக எழுதித் தாருங்கள். அரபுத்தமிழ்க் கடிதங்கள் எந்த வீட்டுப் பெட்டியில் உள்ளன என்பதையும் விசாரியுங்கள். கறையான் முந்திக்கொள்வதற்குள் படியெடுங்கள். தேர்வுக்கெனப் பக்கம் பக்கமாக எழுதும் கைகளுக்கு இது பெரும்பாரமன்று.

பாம்பு மேடு என்று சொன்ன அச்சிறுவன் இன்று வளர்ந்திருப்பான். அவனுக்குப் பின் வந்த சிறுவர்கள் இப்போது அதே கரையில் திரிந்துகொண்டிருப்பர். அவர்களிடம் ஏரியின் அறிவு இருக்கிறது. நம்மிடம் ஏட்டின் அறிவு இருக்கிறது. இரண்டும் சந்திக்க ஒரு நாளைக் குறிப்போம். அந்நாளில் அவர்கள் நமக்குப் பறவையைக் காட்டட்டும். நாம் அவர்களுக்குக் கோட்டையைக் காட்டுவோம். வீட்டில் இருக்கும் அவர்தம் தமக்கையரும் அன்று உடன் வருவாராக. நெய்தல் மணலில் மீண்டும் ஒரு புன்னை முளைப்பதைக் காணும் பேறு நமக்கு வாய்க்கட்டும்.